பேட்டரி மாப்பிள்ளை

"பேட்டரி போட்ட மாப்பிள்ளை எங்களுக்கு வேண்டாமுங்க!" என்று ராசப்பன் துண்டை உதறித் தோளில் போட்டார்.

மாப்பிள்ளை வீட்டிலிருந்து வந்திருந்த நித்யஸ்ரீ அசரவில்லை. நர்சிங் கல்லூரியில் பாடம் எடுப்பவள்.

"மறைச்சுக் கலியாணம் பண்ணக்கூடாதுன்னுதானுங்க நானே சொல்ல வந்தேன். பேஸ்மேக்கர் ஒண்ணும் பயப்படற சமாச்சாரமில்லீங்க."

"அப்புறம் எதுக்கு அதை நெஞ்சுக்குள்ள வெச்சிருக்கறாரு?"

"இதயத்து மேல் மூலையில கொஞ்சம் செல்லுக இருக்குதுங்க. அதுல கண்ணுக்குத் தெரியாத வாசலுக. அது தொறந்து உப்பு உள்ளே நுழைஞ்சா கரெண்ட் உண்டாகும், இதயம் துடிக்கும். அவருக்கு அந்த இடம் கொஞ்சம் சோம்பேறி ஆயிருச்சுங்க. துடிப்பு நேரத்துக்கு வரலேன்னா, பேட்டரி ஒரு தட்டு தட்டி உடும்."

"உப்புத்தானே? ரசத்துல ரெண்டு கல்லு சேத்திப் போடச் சொல்லுங்க!"

நித்யஸ்ரீ சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

திருச்செங்கோட்டில் போர்வெல் போடும் ரிக் லாரி வைத்திருப்பவர் ராசப்பன். பேட்டரியிடம் படும் பாடு அவருக்குத்தான் தெரியும்.

"காத்தால ஸ்டார்ட் ஆகலேன்னா எங்க பொண்ணு எறங்கித் தள்ளணுமா?"

"பத்து வருசத்துக்குக் கவலையில்லீங்க. அப்புறம் மாத்திக்கலாம்."

"மாப்பிள்ளையையா?"

கேலி பேசினாலும் ராசப்பனின் பயம் வேறு. ஊர் சிரிக்கும் என்று தெரிந்தே இந்தச் சம்பந்தத்துக்குத் தலையாட்டியவர். சிரித்தால் சிரிக்கட்டும். ஆனால் அந்தப் பெண் சுருண்டு கிடந்து அழுததை ஒருமுறை பார்த்திருக்கிறார். இன்னொருமுறை பார்க்கத் தெம்பில்லை.

"கோவிச்சுக்காதீங்க. பாதியில உட்டுட்டுப் போற ஆளுக்கு எங்க பொண்ணைக் குடுக்க மாட்டேன்" என்றார்.

சமையலறைக் கதவு படீரென்று திறந்தது. காப்பித் தட்டோடு வந்து நின்றாள் கல்யாணப் பெண் சௌந்திரம்.

"உங்கப்பன் பேட்டரி இல்லாமத்தான்டா பாதியில போனாரு!" என்று ராசப்பனை முறைத்தாள். பிறகு நித்யஸ்ரீ பக்கம் திரும்பினாள்.

"நீ போயி உங்கப்பாவைக் கூட்டிட்டு வா சாமி. எம் பையன் சம்மதிச்சுட்டான்."