புலியின் கண்

மாலை வெயில் டிராக்டர் டிரெய்லரின் மேல் சாய்ந்து விழுகிறது. கடத்தூர்ப் பொங்கல் விழாவின் நாடக மேடை அதுதான். ஒரு முனையில் வேடனாக மாதையன், மூங்கில் வில்லை வளைத்தபடி நிற்கிறான். மறுமுனையில் புலியாக முகம்மது கவுஸ், காகிதக்கூழ் முகமூடிக்குள்ளிருந்து உறுமுகிறான். அம்பின் நுனியில் இரும்பு இல்லை. பழந்துணியில் இறுக்கிக் கட்டிய பஞ்சு உருண்டைதான். முகமூடியின் கண் துளைக்குள் அது நுழையாது என்று ஒத்திகையின்போது இருவரும் அழுத்தி அழுத்திப் பார்த்திருக்கிறார்கள். நாணைக் காது வரை இழுத்த பிறகுதான் மாதையன் கவனிக்கிறான்: துளைகள் பெரிதாகியிருக்கின்றன. ஓரமெல்லாம் பிளேடு கீறிய புது வெள்ளை. பார்வை சரியாகத் தெரியவில்லை என்று கவுஸே வெட்டியிருக்க வேண்டும். உள்ளே முழுக் கண்ணும் ஈரமாக மின்னுகிறது. பம்பை மேளம் வேகமெடுக்கிறது. "வுடு மாதையா, வுடு!" என்று கூட்டம் கத்துகிறது. "கவுசண்ணா, கண்ண மூடுங்க" என்கிறான் மாதையன், உதடு அதிகம் அசையாமல். பம்பைச் சத்தத்தில் புலிக்குக் கேட்கவில்லை. என்ன சொல்கிறான் என்று பார்க்க, கண்களை இன்னும் அகல விரித்துக்கொண்டு நெருங்கி வருகிறது. மாதையனின் விரல்களிலிருந்து நாண் நழுவப் பார்க்கிறது. சட்டென வில்லைத் தாழ்த்துகிறான். அம்பு பலகையில் 'தொப்'பென்று மோதிக் கிடக்கிறது. பம்பை நிற்கிறது. யாரோ சிரிக்கத் தொடங்குகிறார்கள். அதற்குள் புலி மார்பைப் பிடித்துக்கொண்டு, ஓங்கி உறுமி, மல்லாந்து விழுகிறது. விசில் பறக்கிறது. மாதையன் ஓடிப்போய்க் குனிகிறான். செத்துக் கிடக்கும் புலியின் கண்கள், இரண்டும், அவனைப் பார்த்து இமைக்கின்றன.