தொடர்பே இல்லாதவர்கள்

"அந்தப் பேரை இந்த வூட்ல எடுக்காதம்மா!"

தனசேகரன் போட்ட சத்தத்தில், வாசலில் காய்ந்த மக்காச்சோளத்தைக் கொத்திக்கொண்டிருந்த கோழிகள் சிதறி ஓடின. அபிநயா அசரவில்லை. மருத்துவக் கல்லூரியில் டி.பி. பற்றி ஆராய்ச்சி செய்கிற பெண் அவள். கள்ளக்குறிச்சியிலிருந்து வடக்கனந்தலுக்கு வெயிலில் ஸ்கூட்டி ஓட்டி வந்தது, சத்தத்துக்குப் பயந்து திரும்பிப் போவதற்காக அல்ல.

"பேரை எடுக்கலண்ணே. ஆனா உங்க தங்கச்சிதான் என்னை இங்க அனுப்பினாங்க."

"எனக்குத் தங்கச்சியே கெடையாது."

இருந்தாள். எழில்மதி என்று பெயர், ஏரிக்கரைத் தெருவில் வீடு. எட்டு வருஷத்துக்கு முன்னால் மனசுக்குப் பிடித்த லாரி டிரைவரைக் கட்டிக்கொண்டாள். அன்றைக்கே தலைமுழுகிவிட்டார் அண்ணன். இப்போது டி.பி. வந்து, மாத்திரை சாப்பிட்டுக்கொண்டு படுத்திருக்கிறாள்.

"நோயாளிகூடப் பழகறவங்க ரத்தத்தையும், அவங்க காத்தே படாதவங்க ரத்தத்தையும் ஒண்ணா வச்சிப் பாக்கணும்ணே. காத்தே படாதவங்க இந்த ஊர்ல யாருன்னு கேட்டேன். எங்க அண்ணனும் அண்ணியுந்தான்னு சொன்னாங்க."

உள்ளேயிருந்து முந்தானையில் கையைத் துடைத்தபடி ஜெயம்மாள் வந்தாள். "ரத்தத்துல இன்னாம்மா தெரியும்?"

"நம்ம ரத்தத்துல டி செல்லுன்னு இருக்குதுக்கா. அதுல ஒரு கூட்டத்துக்கு, கிருமி பூந்த செல்லைத் தேடிப் புடிச்சிக் கொல்றதுதான் வேல. பாக்க எல்லாம் ஒண்ணாத்தான் இருக்கும். ஆனா ஒவ்வொண்ணு மேலயும் ஒரு அடையாளம் ஒட்டிக்கினு இருக்கும். எந்தக் கிருமியையும் இன்னும் பாக்காததுக்கு ஒண்ணு. எப்பவோ பாத்து, ஞாபகம் வச்சிக்கினு காவல் காக்கறதுக்கு இன்னொண்ணு. இப்பதான் பாத்து, சண்டைக்குக் கெளம்பினதுக்கு வேற. சாயம் போட்டு மெஷின்ல விட்டா எது எதுன்னு தெரிஞ்சிடும்."

"அப்ப யாரு யாரு நோவுக்காரங்க கிட்ட போனாங்கன்னும் தெரிஞ்சிடுமா?" என்றார் தனசேகரன்.

"ஓரளவு தெரியும்ணே."



"எனக்கு ஊசின்னா மயக்கம் வரும்" என்றாள் ஜெயம்மாள். "அவரு குடுத்தா போதாதா?"

"எனக்குச் சக்கரை ஜாஸ்தி. என் ரத்தம் ஆவாதும்மா."

"அதெல்லாம் ஆவும்ணே."

தனசேகரன் மனைவியை முறைத்தார். "ஏன் பயப்படற? நாம இன்னா அங்க போயி வந்துக்கினா இருக்கறோம்?"

"யாரு பயந்தது? நீங்கதான் சக்கரை அது இதுங்கறீங்க."

"நானா? எடும்மா ரத்தத்தை!"

"எனக்கும் எடு!"

பந்தயம் கட்டியதுபோல் இரண்டு கைகள் ஒன்றாக நீண்டன. ஜெயம்மாளுக்கு மயக்கமும் வரவில்லை, ஒன்றும் வரவில்லை.

மறு மாதம் அபிநயா வந்தபோது ஜெயம்மாள் மட்டும் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, அவங்கவங்க ரிசல்ட்டை அவங்கவங்ககிட்டதான் சொல்லணும். உங்க ரத்தத்துல டி.பி.க்கு எதிரா கெளம்பின செல்லுங்க இருக்குது. பழசுன்னா வேற அடையாளம் இருக்கும். இது புதுசு. நோவுன்னு இல்ல, பயப்படாதீங்க. எக்ஸ்ரே எடுத்துட்டு, வராம இருக்க மாத்திரை குடுப்பாங்க." சற்றுத் தயங்கிவிட்டுக் கேட்டாள். "பஸ்ல, கடையில கூட ஒட்டிக்கும். இருந்தாலும் கேக்கறேன். யாராவது இருமறவங்ககூட கிட்ட இருந்தீங்களா?"

ஜெயம்மாள் தெருவை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு கண் கலங்கிவிட்டது.

"எழில வேற யாரும்மா பாப்பாங்க? அவ வூட்டுக்காரன் லாரி எடுத்தா வர ஒரு வாரம் ஆவுது. கல்யாணமாகி நான் இந்த வூட்டுக்கு வந்தப்ப அவ பாவாடை கட்டிக்கினு பள்ளிக்கூடம் போன புள்ள. தல வாரி விட்டது நானு. புல்லு அறுக்கப் போறேன்னு சொல்லிட்டு, தெனம் போயி ரசம் வச்சிக் குடுத்துட்டு வரேன். முதுகு நீவி விட்டாத்தான் அவளுக்கு இருமலு அடங்குது."

"இதுல அழ இன்னாக்கா இருக்குது?"

"அங்க போவக் கூடாதுன்னு கற்பூரத்தை அணைச்சி சத்தியம் பண்ணச் சொன்னாரும்மா அந்த மனுசன். நானும் பண்ணேன். எழிலுகிட்டயும் சொல்லி வச்சிருக்கேன், நான் வரது அண்ணனுக்குத் தெரியவே கூடாதுன்னு. மாத்திரை எதுன்னாலும் முழுங்கறேன். அவருகிட்ட மட்டும் சொல்லிடாத. மனசு ஒடஞ்சி பூடுவாரு."

"சொல்ல மாட்டேன்க்கா" என்று அவள் கையைப் பிடித்தாள் அபிநயா. அந்தக் கையை விடவே அவளுக்கு மனம் வரவில்லை. "அண்ணன் எங்க?"

"மோட்டார் கொட்டாயில இருப்பாரு."

கரும்புக்கு நடுவே வரப்பில் நடந்து போனாள். அவளைக் கண்டதும் தனசேகரன் மோட்டாரை நிறுத்தினார். வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தார். ஆள் யாரும் வரவில்லை என்று தெரிந்ததும், அவள் வாயைத் திறப்பதற்குள் அவரே கிட்டே வந்தார். அன்றைக்குக் கோழியை விரட்டிய குரல் இப்போது அவருக்கே கேட்காத அளவுக்கு இறங்கியிருந்தது.

"என் ரத்தத்துல அந்தப் புது அடையாளம் இருக்குந்தாம்மா, நீ சொல்லவே வேணாம். கூடப் பொறந்ததாச்சே, எப்பிடிப் பாக்காம இருக்கறது? ஆனா ஜெயம்மா காதுக்கு மட்டும் இது போவக் கூடாது. பாவம் அவ, எனக்குப் பண்ண சத்தியத்துக்காக, ஆசையா வளத்த புள்ளைய எட்டு வருசமா எட்டிக்கூடப் பாக்காம இருக்கறா!"