சாருக்குப் பிடித்திருக்கிறதா?

"சார் வாயைத் திறக்கிற வரைக்கும் யாரும் மூச்சு விடக் கூடாது" என்று முதலாளியிடமே சொல்லிவிட்டு, மேனேஜரம்மா அறைக் கதவைத் திறந்தாள்.

சார் உள்ளே வந்தார். தபால் ஆபீஸில் முத்திரை குத்தும் கிளார்க். அங்கே அவரை யாரும் சார் என்று கூப்பிடுவதில்லை. வீட்டிலோ 'உங்களைத்தான்' என்பதோடு சரி. இந்த போன் கம்பெனி மட்டும்தான் வாசலுக்குக் கார் அனுப்பி, லிஃப்ட் வரைக்கும் ஆள் வந்து வரவேற்று, மெத்தை நாற்காலியில் உட்கார வைத்து அவருடைய அபிப்பிராயத்தைக் கேட்கிறது. மனிதருக்குத் தலைகால் புரியவில்லை.

"வாங்க சார், வாங்க. ஏசி போதுமா, கூட்டச் சொல்லவா?" முதலாளி எழுந்தே நின்றார்.

"போதும் போதும். என்னவோ புது போனைப் பார்த்துச் சொல்லணும்னு சொன்னாங்க."

"ஆமா சார். அடுத்த மாசம் கடைக்கு வருது. எத்தனை தயாரிக்கிறதுன்னு இன்னிக்கு நான் ஃபேக்டரிக்குச் சொல்லியாகணும். படிச்சவங்க நாலு பேர்கிட்ட கேட்டேன். ஒருத்தர் லட்சக்கணக்குல போகும்கிறார், இன்னொருத்தர் ஆயிரம்கூடத் தேறாதுங்கிறார். எனக்கு அவங்க கணக்கெல்லாம் வேண்டாம். நீங்க சொல்றதுதான் வேதவாக்கு."

"அப்படியெல்லாம் பெரிய வார்த்தை சொல்லாதீங்க" என்றார் சார், இன்னும் கொஞ்சம் சொல்ல மாட்டாரா என்ற ஆசையோடு.

"நிஜமாத்தான் சார். இருக்கிறதையெல்லாம் இதுல போட்டுட்டேன். இது ஓடலன்னா ஃபேக்டரிக்குப் பூட்டுதான். முந்நூறு குடும்பம் தெருவுக்கு வந்துடும்."

சார் முகத்தைப் பெரிய மனுஷத் தோரணையில் வைத்துக்கொண்டார்.

மேனேஜரம்மா பேச்சுக் கொடுத்தாள். "சார் வீட்டுல என்ன டிவி?"

"அது இப்ப கடையில கிடைக்காது மேடம். மிக்ஸியும் அப்படித்தான். என் ஸ்கூட்டர் மாதிரி இந்த ஊர்ல இன்னொண்ணு காட்டுங்க பார்ப்போம். நம்ம வீட்டுச் சாமானெல்லாம் அவ்வளவு அபூர்வம்."

"அதுக்குத்தானே சார் உங்களைக் கூப்பிட்டோம்" என்றாள் அவள், பயபக்தியோடு.

மேசை மேல் இருந்த கறுப்புத் துணியை விலக்கினார்கள். போன் பளபளவென்று இருந்தது. சார் அதை எடுத்துப் புரட்டினார், தடவினார், காதில் வைத்துப் பார்த்தார்.

"அழகா இருக்கே" என்றார்.

முதலாளி கையிலிருந்த தண்ணீர் சட்டையில் கொட்டியது. மேனேஜரம்மா சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். நம் ஒரு வார்த்தைக்கே இந்தப் பாடா என்று சாருக்கு உள்ளூரக் குளிர்ந்துபோனது.

முதலாளியை ஒரு போட்டோ எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தார். "அடேயப்பா, மூக்குல இருக்கிற மருகூடத் தெரியுதே."

"அது... பிடிச்சிருக்கா சார்?" முதலாளி நாற்காலி நுனிக்கு நகர்ந்தார்.

"இருங்க, இருங்க. விலை என்ன?"

மேனேஜரம்மா சொன்னாள். சார் போனைச் சூடு பட்டதுபோல மேசையில் வைத்தார்.

"என்ன மேடம் விளையாடறீங்களா? இந்த விலைக்கு ஒரு ஸ்கூட்டர் வாங்கி ரெண்டு பேர் ஊரைச் சுத்தி வரலாம். இவ்வளவு கொடுத்தாலும் பேசப்போறது அதே ஹலோதானே? மருவை நான் எதுக்குப் பார்க்கணும்? மன்னிச்சுக்குங்க, எனக்குச் சுத்தமாப் பிடிக்கல. சும்மா கொடுத்தாலும் வேண்டாம்."

முதலாளி இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டார். அவர் தோள்கள் குலுங்கின. மேனேஜரம்மா கண்களைத் துடைத்துக்கொண்டு, போனில் யாரிடமோ ஏதோ கிசுகிசுத்தாள்.

சாருக்கு மனசு கேட்கவில்லை. அடப் பாவமே, ஒரு பெரிய மனுஷனை இப்படிக் குலுங்கிக் குலுங்கி அழ வைத்துவிட்டோமே. உள்ளதைச் சொல்கிறேன் பேர்வழி என்று முந்நூறு குடும்பத்தின் வாயில் மண்ணைப் போடலாமா? நாலு நல்ல வார்த்தை சொன்னால் என்ன குறைந்துவிடும்?

நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு முதலாளி பக்கத்தில் உட்கார்ந்தார்.

"அழாதீங்க. நான் ஏதோ அவசரத்துல சொல்லிட்டேன். திரும்பப் பார்த்தா நல்லாத்தான் இருக்கு. வீட்டுக்காரி திட்டுவா, திட்டட்டும். என் பி.எஃப். பணத்தை எடுத்தாவது முதல் போனை நானே வாங்கிக்கறேன். போதுமா?"

முதலாளியின் கைகள் முகத்திலிருந்து விலகின. அதில் கண்ணீர் இல்லை. அதுவரை அடக்க முடியாமல் சிரித்துக்கொண்டிருந்த முகம் அப்படியே வெளுத்துப்போனது. நாற்காலியிலிருந்து சரிந்து சாரின் கால்களைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

"சார், உங்களுக்குப் புண்ணியமாப் போகும், பிடிக்கலன்னே சொல்லுங்க. நீங்க ஆசைப்பட்டு வாங்கின பொருளைத் தயாரிச்ச கம்பெனி ஒண்ணுகூட இன்னிக்கு உயிரோட இல்லைன்னு தெரிஞ்சுதானே சார் உங்களைத் தேடிப் பிடிச்சோம்!"