பெயர் எழுதாத சீட்டு

“நம்ம சபையோட இருபத்தாறு வீட்டுக் கதவையும் தட்டப் போறீங்களாக்கா? யாராவது விளையாட்டுக்கு எழுதிப் போட்டிருப்பாங்க!”

சபையில் மைக், லைட்டு எல்லாம் பார்த்துக்கொள்ளும் எலக்ட்ரீஷியன் சிரித்தார். ‘மைக் தம்பி’ என்றால்தான் அவரை எல்லோருக்கும் தெரியும். அவர் இருக்கும் இடத்தில் சிரிப்புக்குப் பஞ்சமே இல்லை.

நர்ஸ் அக்கா சிரிக்கவில்லை. ஜெப விண்ணப்பப் பெட்டியைத் திறப்பது அவர் பொறுப்பு. இந்த ஞாயிற்றுக்கிழமை அதில் பெயரில்லாமல் ஒரு சீட்டு: ‘எனக்கு வாழப் பிடிக்கவில்லை.’

“விளையாட்டுன்னா நமக்கு மூணு சாயங்காலம் வீண். நிஜம்னா ஒரு உயிர். வண்டியை எடுங்க தம்பி.”

“ஜெபம் பண்ணினா போதும்னு பெரியவங்க சொன்னாங்களே?”

“ஜெபமும் பண்ணுவோம், கதவையும் தட்டுவோம். போதகர் சரின்னுட்டார்.”

முதல் வீடு டியூஷன் டீச்சருடையது. அக்கா சுற்றி வளைக்கவில்லை.

“இந்தச் சீட்டை எழுதினது நீங்களா? இல்லைன்னாலும் பரவாயில்ல. மனசு எப்படி இருக்கு? இங்கே பேசறது இந்த வாசலைத் தாண்டாது.”

“எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கேன்” என்ற டீச்சர், அக்காவின் கையைப் பிடித்தவர் விடவே இல்லை. கலைந்துபோன குழந்தையைப் பற்றி முதல்முறையாக வாய்விட்டு அழுதார்.

இன்னொரு வீட்டில் ஓய்வுபெற்ற ராணுவக்காரர் மூக்குக்கண்ணாடி டப்பாவைத் திறந்து காட்டினார். உள்ளே மாத்திரைகள்.

“மனசுக்கு மருந்து சாப்பிடறேன்னு தெரிஞ்சா விசுவாசம் இல்லாதவன்னு சொல்லுவாங்கம்மா.”

“சர்க்கரைக்கு மாத்திரை போடறவங்களை அப்படியா சொல்றோம் ஐயா? நிறுத்தாம சாப்பிடுங்க.”

பதினோராவது வீட்டில், “எங்க வீட்டுல யாரும் பைத்தியம் இல்லை!” என்று கதவு முகத்திலடித்தாற்போல் சாத்தப்பட்டது. மறுநாள் சாயங்காலம் அக்கா மறுபடியும் அதே கதவைத் தட்டினார். இந்த முறை அந்த வீட்டு மருமகள் வாசல்வரை வந்து மனநல ஆலோசகரின் போன் நம்பரைக் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

முதல் நாள் வண்டியில் வாய் ஓயாமல் ஜோக்கடித்த மைக் தம்பி, இரண்டாம் நாள் பாதியாகக் குறைத்துக்கொண்டார். மூன்றாம் நாள் வாயே திறக்கவில்லை.

கடைசி வீடும் முடிந்தது. ஒன்பது பேர் மனம் திறந்திருந்தார்கள். ‘சீட்டு எழுதினது நான்தான்’ என்று மட்டும் ஒருவரும் சொல்லவில்லை.

“லிஸ்ட் முடிஞ்சுதுக்கா” என்ற மைக் தம்பி சாவியைப் போட்டார். வண்டியைக் கிளப்பவில்லை.

அக்கா காத்திருந்தார்.

“அக்கா... வீட்டுக்காரி தவறிப்போனதுலேர்ந்து நான் சரியா தூங்கினதே இல்லை. வெளியில சிரிக்கிறேன். வீட்டுக்குள்ள போனா... சத்தியமா அந்தச் சீட்டை எழுதினது நான் இல்லைக்கா. ஆனா நான்தான் எழுதியிருக்கணும்.”

அக்கா அவர் தோளில் கை வைத்தார்.

“தெரியும் தம்பி. நீங்களா எழுத மாட்டீங்கன்னுதான், உங்களுக்காக நான் எழுதிப் போட்டேன்.”