சாயாத கரண்டி

கடைக்காரர் திருப்பி அனுப்பிய தேன் ஜாடிகள் சமையல் மேடையில் வரிசையாக நிற்கின்றன. ஜன்னல் வெயில் முன்பெல்லாம் அவற்றை ஊடுருவிச் சுவரில் பொன்னாய் விழும். இப்போது வெளுத்து உறைந்த தேனில் முட்டி அங்கேயே நின்றுவிடுகிறது. இவர்கள் சர்க்கரைப் பாகு கலந்திருக்கிறார்களாம், அதுதான் அவர் புகார். அடுப்பில் தண்ணீர் தளதளக்கிறது. கணவன் ஒரு ஜாடியை அதில் இறக்கப் போகிறான். "ஒரு கொதி போதும், உருகிடும். யாருக்குத் தெரியப் போகுது?" மனைவி அடுப்பை அணைக்கிறாள். "வாசமெல்லாம் ஆவியாப் போயிடும். அப்புறம் அவர் சொன்ன மாதிரி வெறும் பாகுதான் மிஞ்சும்." "அப்போ அவர்கிட்ட யாரு பேசுறது?" "நான்தான். குளிருக்கு சுத்தமான தேன் உறையத்தான் செய்யும்னு சொல்றேன்." "நல்லா சொன்ன போ. பிடிச்ச பிடியிலயே நில்லு," என்று முனகியபடி, மூடியில் ஒட்டிய தேனை விரலால் வழித்து வாயில் வைக்கிறான். மணல்மணலாய்க் கரைகிறது, காட்டுப்பூ வாசம் மூக்குவரை ஏறுகிறது. ஜாடியை அவள் பக்கம் நகர்த்துகிறான். அவள் அந்த ஜாடியின் நடுவில் ஒரு கரண்டியைச் செங்குத்தாகக் குத்துகிறாள். ஜாடியை அப்படியே ஏந்திக்கொண்டு கடையை நோக்கிப் படியிறங்குகிறாள். அவள் நடக்கிற வேகத்துக்கும் கரண்டி சாயவில்லை.