கடைசி பீரியட்

"வாரத்துல அஞ்சு நாளும் கடைசி பீரியடை என் தலையிலேயே கட்டியிருக்கீங்க. நான் உங்களுக்கு அப்படி என்ன கெடுதல் பண்ணினேன், டீச்சர்?"

கணக்கு டீச்சர் போட்ட சத்தத்தில், ஆசிரியர் அறையில் டீ குடித்துக்கொண்டிருந்த இரண்டு பேர் டம்ளரும் கையுமாக வெளியே நழுவினார்கள். மிச்சம் இருந்தது பூகோள டீச்சர் மட்டும்தான். பள்ளிக்கூடம் முழுவதற்கும் டைம்டேபிள் போடுவது அவர் பொறுப்பு. அதனால் முதுகுக்குப் பின்னால் அவருக்கு ஸ்டேஷன் மாஸ்டர் என்று பெயர்.

"முதல்ல உட்காருங்க டீச்சர். பேசுவோம்."

"உட்கார்ந்து கதை பேச வரலை. மாத்திக் கொடுங்க, போயிடறேன்."

 கணக்கு டீச்சரின் மகள் இதே பள்ளியில் பத்தாம் வகுப்பு. பொதுத்தேர்வு நெருங்குகிறது, வீட்டில் போய்ப் படிக்கட்டும் என்று பத்தாம் வகுப்பை மட்டும் ஏழாவது பீரியடோடு அனுப்பிவிடுகிறார்கள். மகள் பையை மாட்டிக்கொண்டு வாசலைத் தாண்டிப் போவதை, எட்டாவது பீரியடில் ஆறாம் வகுப்புக்குப் பின்னக் கணக்கு போட்டுக்கொண்டே ஜன்னல் வழியாகப் பார்க்க வேண்டியிருந்தது. கடைசி பீரியட் இல்லாத டீச்சர்கள் அப்போதே கிளம்பிவிடலாம். தானும் கூடவே போய்ப் பக்கத்தில் உட்கார வேண்டும், அதற்குக் கடைசி பீரியட் கையை விட்டுப் போக வேண்டும். அவ்வளவுதான் அவருக்கு வேண்டியது.

"போன மாசம் டைம்டேபிளை மாத்தினீங்களே, அன்னைக்குப் பிடிச்சது இந்தச் சனியன். அதுவரைக்கும் எனக்கு வாரத்துக்கு ஒரு நாள்தான் கடைசி பீரியட்."

"யாராவது ஒருத்தர் எடுத்துத்தானே ஆகணும், டீச்சர்."

"அந்த ஒருத்தர் ஏன் நானா இருக்கணும்? பத்தாவது படிக்கிற பிள்ளைக்கு ஒரு மணி நேரம்னா சும்மாவா? எங்க வீட்டுச் சுவத்தை வந்து பாருங்க. கண் முழிக்கிறதுல இருந்து விளக்கை அணைக்கிற வரைக்கும் கட்டம் கட்டமா எழுதி ஒட்டியிருக்கேன். சிவப்புன்னா கணக்கு, பச்சைன்னா அறிவியல். தலை பின்னறப்பகூட ஃபார்முலா ஒப்பிச்சாகணும். ஞாயித்துக்கிழமைன்னு தனியா ஒண்ணும் கிடையாது."

"கொஞ்சம் மூச்சு விடட்டுமே பிள்ளை."

"மூச்சு விட்டவங்க எல்லாம் எங்க இருக்காங்கன்னு எனக்குத் தெரியும். நேரத்தை எண்ணிச் செலவு பண்ணத் தெரியாதவ நாளைக்கு எந்த ஆபீஸ்ல போய்க் குப்பை கொட்டுவா? இந்த மாசப் பரீட்சையில பதினோரு மார்க் ஏறியிருக்கா. எல்லாம் அந்தச் சுவர் பண்ண வேலை. அதுல இந்த ஒரு மணி நேரம்தான் ஓட்டை. அதையும் அடைச்சுட்டேன்னா வகுப்புல அவதான் முதல்."

பூகோள டீச்சர் பென்சில் சீவ ஆரம்பித்தார். அது கணக்கு டீச்சரின் கோபத்தில் இன்னும் எண்ணெய் ஊற்றியது.

"இயற்பியல் சாருக்கு மட்டும் ஒரு நாள்கூடக் கடைசி பீரியட் இல்லை. தாளாளருக்கு ஒண்ணுவிட்ட மச்சான்னா அவருக்கு ஒரு நியாயம், எனக்கு ஒரு நியாயமா?"

"மச்சானுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை. அவருக்குக் காலையில முதல் பீரியட் அஞ்சு நாளும் இருக்கு."

"அதை நான் வாங்கிக்கறேன். இப்பதான் அவரைக் கேட்டுட்டு வர்றேன். மாத்திக்கச் சம்மதம்னுட்டார். அப்புறம் உங்களுக்கு என்ன வந்தது?"

பென்சில் நின்றது. இதை அவர் எதிர்பார்க்கவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. மேஜையில் விழுந்திருந்த சீவல்களை ஒரு பக்கமாக ஒதுக்கினார்.

"மாத்த முடியாது, டீச்சர்."

"முடியாதா, மாட்டீங்களா?"

"மாட்டேன்."

 இருபது வருடமாக ஒரே அறையில் சோற்றுப் பாத்திரத்தைத் திறந்து பகிர்ந்து சாப்பிட்டவர், முகத்துக்கு நேராக இப்படிச் சொல்கிறாரே என்று கணக்கு டீச்சருக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

"புரியுது. என் பொண்ணு முன்னுக்கு வர்றது உங்களுக்குக் கண்ணை உறுத்துது. அவ கெட்டுப்போகணும்னே இதைப் பண்றீங்க. தலைமை ஆசிரியர்கிட்ட இப்பவே போய் இதை அப்படியே சொல்றேன். உங்ககிட்ட இனிமே இந்தப் பொறுப்பே இல்லாம பண்றேன்."

"அவ கெட்டுப்போகணும்னு நான் நினைக்கிறேனா?" பூகோள டீச்சர் எழுந்துவிட்டார். இத்தனை நேரம் தாழ்ந்திருந்த குரல் இப்போது வெடித்தது. "இதை மட்டும் இன்னொரு தடவை சொல்லாதீங்க. உங்க வீட்டுல இருந்து வந்து கேட்டதாலதான் அப்படிப் போட்டேன். யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு வாக்குக் கொடுத்துட்டேன், அதனால வாயை மூடிட்டு உங்க பேச்சை எல்லாம் கேட்டுக்கிட்டிருக்கேன்."

"எங்க வீட்டுல இருந்தா? எங்க வீட்டுக்காரரா வந்தார்? பொண்ணுக்குச் செல்லம் கொடுத்துக் கெடுக்கிறதே அவருக்கு வேலை. இன்னைக்கு இருக்கு அவருக்கு."

"அவர் வரலை. உங்க பொண்ணுதான் வந்தா. இங்கேதான், இந்த மேஜையைப் பிடிச்சுக்கிட்டு நின்னு அழுதா."

"என் பொண்ணா? என்னன்னு?"

"'தினமும் அம்மாவுக்கே கடைசி பீரியட் போட்டுடுங்க டீச்சர், அவங்க வீட்டுக்கு வர்றதுக்குள்ள ஒரு மணி நேரம் தூங்கிக்கறேன்'னு."