கீர்த்தனாவுக்கு வராத கெமிஸ்ட்ரி

கடைசி பெஞ்சில் கீர்த்தனா மட்டும் நின்றுகொண்டிருந்தாள். பதில் தெரியாதவர்கள் வகுப்பு முடியும்வரை நிற்க வேண்டும் என்பது அருள்ராஜ் சாரின் சட்டம்.

திருவண்ணாமலை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்தெருவில், மொட்டைமாடித் தகரக் கூரைக்குக் கீழே நடக்கும் கோடை டியூஷன் அது. ப்ளஸ் ஒன்னில் பயாலஜி குரூப் எடுப்பவர்களுக்கு, பள்ளி திறப்பதற்குள் கெமிஸ்ட்ரியில் அடித்தளம் போட்டுத் தருவதாக வாசலில் போர்டு தொங்கியது.

"கோவலன்ட் பாண்டுனா என்ன? இன்னொரு தடவ சொல்லு."

"ரெண்டு அணு ஒண்ண ஒண்ணு விடாம புடிச்சிக்கறது சார்."

"அது பௌர்ணமி அன்னிக்கு பஸ்ல நடக்கறது. எலக்ட்ரானைப் பங்கு போட்டுக்கணும்மா. நீ எப்படித்தான் பத்தாவது பாஸ் பண்ண?"

"அது எப்பவோ பண்ணிட்டேன் சார்."

வகுப்பே சிரித்தது. "போன வாரம் வந்த ரிசல்ட்டு, எப்பவோவாம்" என்று சாரும் சேர்ந்துகொண்டார்.

கீர்த்தனா சிரிக்கவில்லை. "சார், பயாலஜிக்கு எவ்வளவு கெமிஸ்ட்ரி தெரிஞ்சா போதும்?"

"ஏன், அதுக்கு மேல ஜாஸ்தியா தெரிஞ்சிடும்னு பயமா?" சாக்பீஸைக் கீழே வைத்தார். "காலையில நீ தின்ன இட்லி வயித்துல சர்க்கரையா மாறுதே, அது கெமிஸ்ட்ரி. அந்தச் சர்க்கரை உடைஞ்சி உனக்குத் தெம்பு வருதே, அதுவும் கெமிஸ்ட்ரி. இது புரியலனா என்சைம், டி.என்.ஏ. எல்லாம் மனப்பாடம்தான்."

"மனப்பாடம் எல்லாம் பண்ணிட்டேன் சார். நடுவுல யாராவது ஏன்னு கேட்டாதான் மாட்டிக்கறேன்."

முன் பெஞ்ச் மாறன் திரும்பிப் பார்த்தான். "பேசாம காமர்ஸ் போயிடுக்கா. அங்க ஏன்னு யாரும் கேக்க மாட்டாங்க."

"உன்ன இப்ப ஏன்னு கேட்டாங்களா? திரும்புடா" என்றார் சார்.

வகுப்பு முடிந்ததும் எல்லோரும் தடதடவென்று படி இறங்கினார்கள். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கீர்த்தனா மட்டும் தயங்கி நின்றாள்.

"உங்க ஸ்கூல்ல கெமிஸ்ட்ரியே நடத்தலையா?"

"இருந்த சார் ரிட்டையர் ஆயிட்டாரு. அப்புறம் வேற ஆள் போடல சார். புக்கை நாங்களே படிச்சிக்கிட்டோம். புது ஸ்கூல்ல மொத வாரமே கரஸ்பான்டென்ட் கிளாஸ்ல வந்து உக்காந்து பாப்பாராம். தேறலனா அனுப்பிடுவாராம்."

"அனுப்பினா என்ன, உலகமா முழுகிடும்?"

"கீழ்பென்னாத்தூர் முழுக்க எங்கப்பா சொல்லி வச்சிட்டாரு சார். டீக்கடையில கூட சொல்லிட்டாரு. திரும்பிப் போனா மூஞ்சி காட்ட முடியாது."

துப்பட்டாவால் அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டதும் சாருக்கு மனசு இளகிவிட்டது. வகுப்பில் எவ்வளவு திட்டினாலும், அழுகிற பிள்ளையைப் பார்த்தால் தாங்க மாட்டார்.

"சரி, அழாத. நாளையிலிருந்து அரை மணி முன்னாடியே வா, உனக்குத் தனியா சொல்லித் தர்றேன்."

"ரொம்ப தேங்க்ஸ் சார்."

"இன்னொண்ணு. இந்த ஊர்ல சயின்ஸ் எடுக்கற அத்தனை பேரும் எனக்குப் பழக்கம்தான். உங்க ஸ்கூல்ல ப்ளஸ் ஒன்னுக்கு பயாலஜி டீச்சர் யாருனு சொல்லு. பாவம், சின்னப் பொண்ணு, கேள்வி கேட்டு மானத்த வாங்காதீங்கனு நானே அவங்ககிட்ட பேசறேன்."

கீர்த்தனா தரையைப் பார்த்தாள்.

"அவங்ககிட்டதான் சார் பேசிக்கிட்டு இருக்கீங்க."